விரியும் கத்தியும் இறுகும் கம்பியும்

எடை 100 கிரெய்ன். நம் கணக்கில் ஆறரை கிராம்கூட வராது. அம்பின் தலையில் திருகி மாட்டும் எஃகு முனை அது. பறக்கும்போது அதன் கத்திகள் உடலோடு ஒட்டி மடங்கியிருக்கும். தோலில் பட்ட கணத்தில் குடை விரிவதுபோல விரிந்து, ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டிக்கொண்டு உள்ளே போகும். மெக்கானிக்கல் பிராட்ஹெட் என்று பெயர். அமெரிக்காவில் இலையுதிர் காலம் நெருங்கும்போது, மான் வேட்டைக்கு உரிமம் வாங்கியவர்கள் கடை கடையாக ஏறி எத்தனை கத்தி, எவ்வளவு அகலம், எந்த எடை என்று ஆராய்ந்து வாங்குகிற சாமான். இப்போது அது வீடியோக்களாக நம் ஊர்ப் பையன்களின் கைப்பேசிக்கும் வந்துவிட்டது.

ராஜபாளையத்தில் வில்லெடுத்து மானடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. எந்த மாதத்திலும் கிடையாது, எந்தக் கட்டணம் கட்டினாலும் கிடையாது. ஆனாலும் அந்த முனையைப் பற்றி இங்கே பேச வேண்டியிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் பின்னால் ஒரு கவலை இருக்கிறது: அடிபட்ட மான் எவ்வளவு நேரம் துடிக்கும்? நம் மலையடிவாரத்தில் திருட்டுத்தனமாக நடக்கிற வேட்டையில் அந்தக் கவலை துளியும் இல்லை. விலங்கு சாகும்போது கொல்கிறவன் பக்கத்திலேயே இல்லாத வேட்டை இங்கே நடப்பது.

வில்லியின் ஊர்

இதே மலையடிவாரத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணம் வேட்டையில்தான் தொடங்குகிறது. மல்லி என்ற அரசி ஆண்ட நாடு. அவளுக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள், இருவரும் வேடர். ஒருநாள் காட்டுக்குள் போன கண்டனைப் புலி அடித்துக் கொன்றுவிடுகிறது. அது தெரியாமல் தேடியலைந்து களைத்த வில்லி மரத்தடியில் உறங்கிப்போகிறான். கனவில் பெருமாள் வந்து, உடன்பிறந்தவனுக்கு நேர்ந்ததைச் சொல்லி, தாம் அங்கே கோயில் கொண்டிருப்பதையும் உணர்த்தி, காட்டைத் திருத்தி ஊராக்கச் சொல்கிறார். வடபத்ரசாயி கோயிலும் அதைச் சுற்றிய ஊரும் அப்படி எழுந்தவை என்பது ஐதிகம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அதற்குப் பின்னால் வந்தவர்கள்.

ஊர் பிறந்த கதையிலேயே வேடனும் புலியும் எதிரெதிரே நிற்கிறார்கள். இன்றைக்கு அந்த மலை புலியின் பெயரில் இருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காக 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் 51-வது. மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு ஒட்டிக்கிடக்கும் காடு. வைகைக்கு நீர் திரள்வதும் இந்தத் தொடர்ச்சியில்தான். மதுரைக்காரர் குடிக்கிற தண்ணீருக்கும் இந்தக் காட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் காட்டில் மான் என்றால் ஒரே உருவம் இல்லை. மிளா இருக்கிறது, கடமான் என்றும் சொல்வோம். நன்கு வளர்ந்த கிடா 250 கிலோவைத் தாண்டும். கூட்டமாக மேயும் புள்ளிமான் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நாய் குரைப்பதுபோலக் குரல் கொடுத்து மற்ற விலங்குகளை உஷார்ப்படுத்தும் கேளையாடு இருபது கிலோவை ஒட்டியது. சருகுமான் மூன்று கிலோ சுமார். சருகுக்குள் பதுங்கி இரவில் வெளிவரும் அதை உயிரியலாளர்கள் மான் குடும்பத்தில் சேர்ப்பதே இல்லை, தனிக் குடும்பம் என்கிறார்கள். கோடையில் மலையில் தண்ணீர் வற்றினால் புள்ளிமான்கள் மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் இறங்கும். ஆபத்து காத்திருப்பது அந்த இடத்தில்தான்.

முனை செய்யும் வேலை

தெற்கே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு இரும்பு வாளும் ஈட்டியும் அம்புமுனையும் கிடைத்தன. இரும்பு யுகத்துத் தமிழன் செய்த முனைக்கும் இன்றைய பிராட்ஹெட்டுக்கும் தத்துவம் ஒன்றே. துப்பாக்கிக் குண்டு வேகத்தாலும் அதிர்ச்சியாலும் திசுவைச் சிதைக்கும். அம்புக்கு அந்த வேகம் கிடையாது. அது வெட்டும். வெட்டிய இடத்தில் இரத்தம் வடிந்துதான் விலங்கு சாகும். ஆகவே முனை மழுங்கியிருந்தால் சாவு நீளும். கூர்மையாக, நெஞ்சுக்கூட்டில் இரண்டு நுரையீரலையும் கடந்து போனால் சில நொடிகளில் முடியும். நன்றாகக் குறி வைத்தும்கூட மான் ஐம்பது, நூறு மீட்டர் ஓடித்தான் விழும்.

விரியும் முனையின் ஆதரவாளர்கள் சொல்லும் நியாயம் எளிது. கத்திகள் நிலையாக வெளியே நிற்கும் முனையில் காற்று மோதி அம்பு விலகும். வில்லையும் அம்பையும் வெகு கவனமாகப் பொருத்தினால்தான் குறி தப்பாது. மடங்கிய முனைக்கு அந்தத் தொல்லை குறைவு. பயிற்சிக்குப் பயன்படுத்தும் சாதாரண முனை போகிற வழியிலேயே போகும். பட்ட பிறகு வெட்டும் அகலமும் கூடுதல். எதிர்ப்பவர்களுக்கும் நியாயம் உண்டு. கத்தி விரிவதற்கே அம்பின் விசையில் ஒரு பங்கு செலவாகிவிடும். சரிந்த கோணத்தில் பட்டால் வழுக்கும். எலும்பில் பட்டால் மெல்லிய கத்தி ஒடியும். அசையும் உறுப்பு எதுவானாலும் ஒருநாள் அசையாமல் போகும். விசை குறைந்த வில் வைத்திருப்பவர்கள் நிலையான கத்தி முனையோடு நிற்பதே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணையில் மான் அளவுள்ள விலங்குக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு விசை வேண்டும் என்று இருக்கிறது. 1960-களில் மிசௌரிக்காரரான ஹோலஸ் வில்பர் ஆலன் உருளைகள் வைத்த காம்பவுண்ட் வில்லைக் கண்டுபிடித்து, 1969-ல் காப்புரிமை பெற்ற பிறகு அந்த விசை சாதாரண ஆட்களின் கைக்கும் எட்டியது. விரியும் முனைக்குச் சந்தை பிறந்ததே அதன் பின்னால்தான்.

இந்தச் சண்டையில் யார் சொல்வது சரி என்று பார்க்க நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளம். அங்கே வேட்டையாட அனுமதி பெற்றவர்கள் ஒவ்வொரு எய்தலையும் எழுதி வைத்தார்கள். 1989 முதல் 2012 வரை சேர்ந்த அந்தக் குறிப்புகளைத் தொகுத்தபோது, நிலையான கத்தி முனை பட்ட மான்களில் நூற்றுக்கு 82 அளவில் கண்டெடுக்கப்பட்டிருந்தன. விரியும் முனை பட்டவற்றில் 91 அளவில். விரியும் முனைக்காரர்கள் இதை வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு மிச்சக் கணக்கின் மேல்தான் கண் போகிறது. பயிற்சி பெற்றவன், தேர்வில் தேறியவன், விலை உயர்ந்த வில்லோடு, கூர்மையான முனையோடு, பட்டப்பகலில், சட்டப்படி எய்த பிறகும் நூற்றில் ஒன்பதோ பதினெட்டோ மான் அம்பை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறது. அவற்றில் சில பிழைத்திருக்கும். சில எங்கோ புதருக்குள் விழுந்திருக்கும்.

பிரிட்டனும் ஜெர்மனியும் இந்த இடத்தில்தான் மாறுபட்டன. இரு நாடுகளிலும் துப்பாக்கியால் மான் வேட்டை உண்டு, அம்பால் கிடையாது. இங்கிலாந்தில் மானை அம்பால் அடிப்பது 1991-ஆம் ஆண்டு மான் சட்டப்படி குற்றம். ஜெர்மனியின் வேட்டைச் சட்டமும் அம்பை விலக்கி வைத்திருக்கிறது.

ஆனாலும் அமெரிக்க வில் வேட்டைக்காரனிடம் நான் மதிக்கிற ஒன்று உண்டு. அடித்தவுடன் ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், அடிபட்ட மானை விரட்டினால் அது வேதனையோடு வெகுதூரம் ஓடும் என்று அவனுக்குச் சொல்லித் தருகிறார்கள். பிறகு இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்துத் தேடுவான். சில மாநிலங்களில் கயிற்றில் பிடித்த மோப்ப நாயோடு தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் அவனுக்கு அது அவமானம். முனை வாங்குவதில் இத்தனை நுணுக்கம் பார்ப்பதும் அந்த அவமானத்துக்கு அஞ்சித்தான்.

1972

ஒரே ஆண்டில் இரண்டு நாடுகள் எதிரெதிர்த் திசையில் அடியெடுத்து வைத்தன. அமெரிக்காவில் 1937 முதலே துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரி வாங்கி அதை வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செலவிடும் சட்டம் இருந்தது. 1972-ல் வில், அம்புச் சாமான்களையும் அந்த வரிக்குள் கொண்டுவந்தார்கள். வேட்டைக்காரன் வாங்குகிற ஒவ்வொரு முனையிலும் மானுக்கு ஒரு பங்கு போய்ச் சேர வேண்டும் என்ற ஏற்பாடு. அங்கே வெள்ளைவால் மான் கோடிக்கணக்கில் பெருகியிருக்கிறது; அதைத் தின்று கட்டுப்படுத்திய ஓநாயும் பூமாவும் பெரும்பாலான இடங்களில் ஒழிந்துவிட்டன. அந்த நாட்டுக்கு அது பொருந்துகிற வழியாக இருக்கலாம்.

இந்தியா அதே 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பலருக்குத் தெரியாத செய்தி, அந்தச் சட்டமும் முதலில் எல்லா வேட்டையையும் தடுக்கவில்லை. சில பட்டியல்களில் இருந்த விலங்குகளை உரிமம் வாங்கி வேட்டையாட வழி விட்டிருந்தது. நீலகிரியில் 1879-லேயே வேட்டைக்குப் பருவமும் உரிமமும் விதித்துச் சட்டம் போட்ட மரபின் தொடர்ச்சி அது. 1991-ல் வந்த திருத்தம்தான் அந்தக் கதவைச் சாத்தியது. இன்றைக்கு ஐம்பது வயதைக் கடந்த ராஜபாளையத்துக்காரர்கள் தங்கள் தாத்தாக்களின் வேட்டைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அது கதையாகவே நிற்க வேண்டும் என்று நாடு முடிவெடுத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

சட்டம் வேட்டை என்று எதையெல்லாம் சொல்கிறது என்பதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கொல்வது மட்டுமா? கண்ணி வைப்பது, பொறி வைப்பது, நஞ்சிடுவது, இரை வைத்து இழுப்பது, விரட்டுவது, நாய் விட்டுத் துரத்துவது, இவற்றுக்கு முயல்வது வரை எல்லாமே வேட்டை. ஆயுதம் என்பதன் விளக்கத்தில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. கத்தி, வலை, கண்ணி, வெடி எல்லாம் அதே வரிசையில். புலிகள் காப்பகத்துக்குள் வேட்டையாடினால் முதல் தடவையே மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறையும் குறைந்தது 5 லட்சம் அபராதமும்.

இத்தனை கடுமைக்குக் காரணம் மானின் மேலுள்ள இரக்கம் மட்டும் இல்லை. ஒரு புலி ஆண்டுக்கு ஐம்பது பெரிய இரைகளாவது அடித்தால்தான் உயிர் தரிக்கும். இரைக் கூட்டத்தில் பத்தில் ஒன்றைத்தான் அது எடுக்கிறது என்று உல்லாஸ் கரந்த் போன்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு புலிக்குப் பின்னால் ஐந்நூறு மானும் மிளாவும் பன்றியும் காட்டில் நிற்க வேண்டும். சிறுத்தையும் செந்நாயும் இதே பந்தியில்தான் உட்காருகின்றன. நாம் ஒரு மிளாவை எடுத்தால் யாரோ ஒருவருடைய ஒரு வாரச் சாப்பாட்டை எடுக்கிறோம்.

ஆளில்லாத வேட்டை

நம் பக்கத்துத் திருட்டு வேட்டைக்கு வில் தேவைப்படுவதில்லை. பைக்கின் கிளட்ச் வயரும் பிரேக் வயரும் போதும். சுருக்கு என்றும் கண்ணி என்றும் சொல்கிறார்கள். இரவில் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு நாட்டுத் துப்பாக்கியோடு போகிற கும்பல் உண்டு. தோப்பைச் சுற்றித் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறவர்கள் உண்டு. பழத்துக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய் உண்டு. பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, வாய் கிழிந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து செத்த செய்திகளைத் தமிழ்நாடு பலமுறை படித்திருக்கிறது. இவற்றில் மிக மலிவானதும், சத்தமே இல்லாததும், அதனாலேயே மிகப் பரவலானதும் சுருக்குதான்.

பிராட்ஹெட் முனையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அம்பு எய்கிறவன் இந்த மான், இந்த இடம், இந்தத் தூரம் என்று முடிவெடுத்த பிறகே நாணை விடுகிறான். சுருக்கு எதையும் முடிவெடுப்பதில்லை. முயலுக்கு வைத்ததில் சருகுமான் மாட்டும். பன்றிக்கு வைத்ததில் கரடியோ சிறுத்தையோ மாட்டும். குட்டியோடு வந்த பெண்மான் மாட்டினால் குட்டி பக்கத்திலேயே நிற்கும். இழுக்க இழுக்க இறுகுவது அதன் தன்மை. கழுத்தில் விழுந்தால் மூச்சுத் திணறி ஒரு சாவு. காலில் விழுந்தால் கம்பி எலும்பு வரை அறுத்து இரவு முழுக்க ஒரு சாவு. வைத்தவன் விடிந்த பிறகு வருவான். வனத்துறை நடமாட்டம் இருந்தால் வரமாட்டான். இடத்தை மறந்துவிட்டால் வரவே மாட்டான், ஆனால் கம்பி அங்கேயே இருக்கும். மழைக்குப் பிறகும், அடுத்த கோடையிலும் வேலை செய்யும்.

நூற்றில் ஒன்பது மான் தப்பிவிடுகிறதே என்று வருந்தி இன்னும் நல்ல முனையைத் தேடுகிறவனும் மானைக் கொல்லத்தான் போகிறான். அவனை நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சாவின் கடைசி நிமிடங்களுக்கு அவன் தன்னைப் பொறுப்பாளியாக்கிக்கொள்கிறான். கிளட்ச் வயர் வைத்தவன் அந்த நேரத்தில் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கிறான்.

வைப்பவனை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. சுருக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள். மான் கறி கிடைக்குமா என்று கேட்டு, முன்பணம் கொடுத்து, சொல்லி வைத்து வாங்குபவர்களுக்குக் காரும் பங்களாவும் இருக்கின்றன. நண்பர்களுக்கு விருந்து வைத்துவிட்டு மான் கறி சாப்பிட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் தென் மாவட்டங்களில் இன்னும் போகவில்லை. ஆட்டுக்கறி கிலோக் கணக்கில் வாங்கத் தெம்புள்ளவனுக்கு எதற்கு மிளா? பசிக்காகக் காட்டுக்குள் கை வைத்தவன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இவர்கள் மேல் வருகிறது. காட்டு விலங்கின் இறைச்சியை வைத்திருந்தாலே குற்றம் என்பது இவர்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல.

தோப்புக்காரர்களின் கஷ்டம் வேறு. சப்பட்டை மாங்காய் காய்த்துத் தொங்கும் நேரத்தில் யானை வந்து கிளையை முறித்துப் போட்டால், கடலை பிடுங்கும் நேரத்தில் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போனால், ஆறு மாத உழைப்பு ஒரே இரவில் போகிறது. காப்பகம் என்று கோடு போட்ட நாட்டுக்கு அந்த நஷ்டத்தைத் தாமதமில்லாமல் ஈடுகட்டும் கடமை இருக்கிறது. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவுக்கு வந்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்களே சுடலாம். காட்டை ஒட்டிய ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. இடைப்பட்ட இடத்தில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். யார், எங்கே, எதை என்ற பொறுப்பு அந்த ஏற்பாட்டில் எழுத்தில் இருக்கிறது. வேலியோரக் கம்பியில் அது இல்லை. அந்தக் கம்பி பன்றியைப் பிடித்த நாளைவிட வேறெதையாவது பிடித்த நாளே அதிகமாக இருக்கும்.

வெள்ளை நாய்

ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, நீண்ட கால், ஒடுங்கிய வயிறு. விஜயநகர காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்த ராஜுக்கள் வளர்த்துக் காத்த இனம் என்பது ஊர் வழக்கு. பன்றி வேட்டைக்கென்றே பழக்கிய நாய். கூட்டமாக விட்டால் பன்றியை மடக்கி நிறுத்தும். பக்கத்துச் சீமையில் முயல் விரட்டும் சிப்பிப்பாறையும் கன்னியும், தேனிப் பக்கம் கோம்பையும் உண்டு. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோதும் இந்தப் பெயர் வந்தது.

வேட்டைக்காகப் பல தலைமுறை பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த நாய்க்கு வேட்டை சட்டவிரோதமான பிறகு என்ன வேலை? இந்தக் கேள்விக்கு ராஜபாளையம் நல்ல பதிலைக் கண்டுபிடித்திருக்கிறது. தோப்புக் காவல், வீட்டுக் காவல், நாய்க் கண்காட்சி. எசமானை மட்டுமே நம்பும் அதன் குணம் காவலுக்கு அப்படியே பொருந்தியது. முழு வெள்ளைக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததில் காது கேளாத குட்டிகள் பிறக்கும் குறை இந்த இனத்தில் உண்டு. பொறுப்பான வளர்ப்பாளர்கள் குட்டி வாங்க வருகிறவரிடம் கைதட்டிக் காட்டுவது அதனால்தான்.

நாயைக் காவலுக்கு வைத்துப் போற்றுவது நமக்குப் புதிதும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் மடிந்த வீரனுக்கு எழுப்பியது. அவன் நாயின் உருவத்தையும் அதில் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் பொறித்துவிட்டார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயரோடு கல்லில் இடம் கொடுத்த சமூகம் நாம்.

நெருடுகிற இடம் ஒன்று இருக்கிறது. இரவில் நாயை அவிழ்த்துவிட்டு அடிவாரத்துக்கு அழைத்துப் போய் மானையோ முயலையோ துரத்தவிட்டு, அதைப் படம் பிடித்துப் பெருமைப்படும் பழக்கம். அது வேட்டைதான், சட்டத்தின் வார்த்தையிலும் வேட்டைதான். தண்ணீருக்கு இறங்கிய புள்ளிமானை நாய் விரட்டினால் அது வேலியில் சிக்கும், கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டக் கிணற்றில் விழும். நாயின் பல் படாமலேயே ஓட்டத்தின் பயத்திலும் களைப்பிலும் மான் செத்துப்போவதுண்டு. தடுப்பூசி போடாத நாய் காட்டோரம் திரிந்தால் வெறிநோயும் டிஸ்டெம்பரும் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் போகும். தபால்தலையில் ஏறிய நாயின் மேல் உண்மையான பாசம் உள்ளவர்கள் அதைக் கயிற்றோடு வைத்திருக்க வேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவதும் தோப்புக்காரர்கள் செய்யக்கூடிய சின்னச் செலவுதான்.

செண்பகத்தோப்பு

மலையடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் செண்பகத்தோப்பு. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில். இரண்டு இடங்களிலும் பளியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. 1960-களில் இந்த மலைகளில் பளியரோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், சண்டையைத் தவிர்ப்பதையும் யாரும் யார் மேலும் அதிகாரம் செலுத்தாததையும் அவர்கள் வாழ்வின் அடிப்படையாக எழுதினார். வள்ளிக்கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, காட்டுப் பொருள் சேகரித்து வாழ்ந்தவர்கள். காட்டில் எந்தத் தடம் மிளாவுடையது, எந்த ஒடிந்த குச்சி மனிதன் ஒடித்தது என்று அவர்கள் கண்ணுக்குத் தெரிவது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. சுருக்கைக் கண்டுபிடிக்க அதைவிடச் சிறந்த திறமை எதுவும் இல்லை.

வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற பெயரில் தமிழ்நாட்டுக் காடுகளில் வேலை செய்கிறவர்களில் பழங்குடி இளைஞர்கள் நிறையப் பேர். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காப்பகத்துக்கு ட்ரோன் வாங்கலாம், கேமரா வாங்கலாம். சருகுக்கடியில் கிடக்கும் கிளட்ச் வயர் ட்ரோனுக்குத் தெரியாது. நடந்து போகிறவன் காலில்தான் தட்டுப்படும். அப்படி நடப்பவனுக்கு மாதச் சம்பளமும் நல்ல செருப்பும் காப்பீடும் நிச்சயமாக இல்லாத வரை புலிகள் காப்பகம் என்ற பெயர்ப்பலகை பாதி வேலைதான் செய்யும். இந்தச் செய்தியில் அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அதைத்தான் நான் கேட்பேன்.

கைப்பேசியில் காம்பவுண்ட் வில்லைப் பார்த்து ஆசைப்பட்ட பையனுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஆசையில் தவறே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில் முதல் முறையாகக் கலப்பு அணிப் பிரிவில் வருகிறது. உலக வில்வித்தைச் சம்மேளனம் நடத்தும் 3டி போட்டிகளில் காட்டுப் பாதையில் நடந்து, ரப்பர் போன்ற நுரைப்பொருளில் செய்த மான் உருவத்தைக் குறிபார்த்து எய்கிறார்கள். தூரம் எவ்வளவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணால் அளந்து எய்ய வேண்டும். அங்கே பிராட்ஹெட்டுக்கு அனுமதி இல்லை. மொட்டையான பயிற்சி முனைதான். வேட்டைக்காரனுக்கு வேண்டிய கண்ணும் மூச்சும் நிதானமும் மொத்தமும் அதில் இருக்கிறது. வில் வாங்குகிறவர்கள் பிராட்ஹெட்டை வாங்கவே வேண்டாம்; இந்த நாட்டில் அதற்குச் சட்டப்படியான வேலை எதுவும் இல்லை. வாங்கிய வில்லைப் படம் எடுக்கக்கூடக் காப்பகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே தனிக் குற்றம். தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறும் பக்தர்களுக்கும் அதே விதிதான்.

தோப்பிலோ ஓடையோரத்திலோ கம்பிச் சுருக்கு கண்ணில் பட்டால் பிடுங்கி எறிந்துவிட்டுப் போகாதீர்கள். இடத்தைப் படம் எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு, சாப்டூர் என்று எந்தச் சரகம் பக்கமோ அங்குள்ள வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். ஒரு சுருக்கு இருந்தால் அதே தடத்தில் வேறு சில இருக்கும். காவலர்கள் நடந்து தேட அந்த இடம் தெரிய வேண்டும். விலங்கு மாட்டியிருந்தால் கிட்டே போகாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். மனிதர் நெருங்க நெருங்க அது இழுக்கும்; இழுக்க இழுக்கக் கம்பி இறுகும்.